மல்லாந்த குடை

கிளையைத் தடியால் தட்டினால், கீழே மல்லாத்திப் பிடித்த குடைக்குள் பூச்சிகள் உதிரும். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் இதே மரத்தில் அப்படித்தான் அந்த நீல வண்டு ஆய்வாளர் சுகந்திக்குக் கிடைத்தது. அதைக் கொன்று, சேகரிப்பில் வைக்க வழக்கப்படி முதுகின் வலப்பக்கம் ஊசி குத்தி, புதிய இனம் என்று பெயரும் வைத்தாள். அதன்பிறகு அந்த இனத்தில் இன்னொன்றை யாருமே பார்க்கவில்லை. கடைசி உயிரைத்தான் கொன்றுவிட்டோமோ என்று அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை. வருடம் தவறாமல் வந்து இந்த மரத்தைத் தட்டினாள்.

இன்று விழுந்தது. அதே நீலம். லென்ஸை எடுத்து முதலில் அதன் வலப்பக்க முதுகைத்தான் பார்த்தாள்.

"ஊசி ஓட்டை இல்ல. இது வேற" என்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

உடன் வந்திருந்த சக ஆய்வாளர் இருதயம் விஷப் புட்டியைத் திறந்தார். "போட்டுரலாமா மேடம்? வெறும் போட்டோவ ஒருத்தனும் நம்பமாட்டான்."

"நம்பாட்டிப் போறான். அத மூடுங்க முதல்ல."

மழை பிடித்துக்கொண்டது.

"நனையுறீங்களே மேடம், குடையத் திருப்பிப் பிடிங்க!"

"உள்ள இருக்குல்ல" என்று சொல்லி, அவள் குடையின் மேல் கவிழ்ந்து முதுகை மழைக்குக் கொடுத்தாள்.