இரண்டாவது மழை

ஒரே நெருஞ்சி முள்ளுக்குள் அக்காவும் தங்கையுமாக இரண்டு விதைகள். கரிசலில் முதல் மழை விழுந்ததும் தங்கை துள்ளினாள்.

"மண்ணு நனைஞ்சிருச்சுக்கா, முளைப்போமா?"

"முதல் மழை ஏமாத்தும்டி. ரெண்டாவது வரட்டும். நம்ம வம்சமே அப்படித்தான் பொழைச்சிருக்கு."

தங்கை கேட்கவில்லை. முளைத்தாள். இரண்டாவது மழை வரவேயில்லை. ஒரு விரல் நீளம் படர்ந்து, ஒரே ஒரு பூ பூத்து, காய் உதிர்த்துவிட்டுக் கருகிப்போனாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே," என்று அக்கா அழுதாள்.

மறு வருஷமும் ஒரே மழைதான். தங்கையின் பிள்ளைகள் முளைக்கக் கிளம்பின.

"பெரியம்மா, நீங்க வரலையா?"

"ரெண்டாவது வரட்டும்."

பத்து வருஷத்தில் கரிசல் முழுக்க மஞ்சள் பூ. அந்த வருஷம் மழை விழுந்தபோதும் அக்கா அதையேதான் சொன்னாள்.

முளைவிட்டுக்கொண்டிருந்த பேத்தி ஒருத்தி நின்று கேட்டாள்: "ரெண்டாவது மழையா? அப்படின்னா என்ன பாட்டி?"