நிறுத்தாத மாத்திரை

"இன்னுமா மாத்திரை சாப்பிடுறீங்க?"

டாக்டரம்மா பேனாவை மேசையில் போட்டார். எதிரே கணவனும் மனைவியும்.

"நாள் தள்ளிப் போயிருக்கு டாக்டர். ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம்னு..." என்றாள் அவள்.

"எதைப் பாக்க? உள்ள வச்ச கரு ஒட்டலைன்னு ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சுபோச்சு. போன வாரமே உங்க வீட்டுக்காரருக்கு போன் பண்ணி, மாத்திரையை நிறுத்தச் சொன்னேனே!"

அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். அதற்குக் கொஞ்சம் நேரமானது.

"டாக்டர், அது வந்து..." என்று அவன் ஆரம்பித்தான்.

"நீங்க சும்மா இருங்க" என்று அவள் கணவனை அடக்கினாள். "இவர் சொன்னார் டாக்டர். நான்தான் கேக்கல."

டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். காலையிலிருந்து இது எத்தனையாவது தலைவலியோ.

"படிச்சவங்கதானேம்மா நீங்க? கர்ப்பப்பையோட உள்சுவர்ல இருக்கிற செல் எல்லாம் ஹார்மோன் இருக்கிறவரைக்கும்தான் உயிரோட இருக்கும். அது குறைஞ்சா செத்து உதிரும். அதான் மாதவிலக்கு. கருவைத் தாங்கணும்னுதான் அந்த ஹார்மோனை மாத்திரையா கொடுத்தேன். விடாம முழுங்கினா எப்படி உதிரும்? நாள் தள்ளினது குழந்தையால இல்ல, மாத்திரையால."

"சரிங்க டாக்டர்."

"என்ன சரி? பழசு உதிர்ந்தாதானே அடுத்த தடவைக்குத் தயார் பண்ண முடியும்? நமக்குள்ள ஆசை இருக்கலாம், அடம் இருக்கக் கூடாது."

பக்கத்தில் நின்ற நர்ஸ் உதட்டைச் சுழித்தாள்.

டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு வாயில்லாப் பூச்சி! மாத்திரையைப் பிடுங்கிக் குப்பையில போட வேண்டியதுதானே?"

அவன் தரையைப் பார்த்தான்.

"இன்னியோட நிறுத்தணும். ரெண்டு மூணு நாள்ல வந்துடும். வரலைன்னா போன் பண்ணுங்க. நீங்க பண்ணுங்க சார், இந்தம்மாவை நம்ப முடியாது." நர்ஸைப் பார்த்து, "அடுத்த ஆளை வரச் சொல்லு" என்றார்.

இருவரும் வெளியே வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தார்கள். அவன் சாவியைப் போடாமல் நின்றான்.

"ஏன் அப்படிச் சொன்ன? டாக்டர் போன் பண்ணதையே நான் உங்கிட்ட மறைச்சுட்டேன். தொடரச் சொன்னாங்கன்னு தினமும் மாத்திரையும் தண்ணியும் கொண்டுவந்து கொடுத்ததே நான்தானே? உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரல."

அவளுக்கு அப்போதுதான் கண் நிறைந்தது.

"ஒரு வாரமா தனியாவே அழுதிருக்கீங்க. அது போதாதுன்னு அந்தம்மாகிட்ட திட்டு வேற வாங்கணுமா? வண்டியை எடுங்க."