கேட்டதுக்கு மேல ஒண்ணு

வாசலில் நின்று கூப்பிட்டது தன் மகன் இல்லை என்பதில் சந்தனம்மாளுக்குச் சந்தேகமே வரவில்லை.

“ஆத்தா…”

குரல் என்னவோ சுருளியாண்டியின் குரல்தான். கம்மிப்போய், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. உச்சி வெயில் நேரம். தெருவில் ஈ காக்கை இல்லை. தூளியில் கிடந்த தன் கைக்குழந்தை முருகம்மாளை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு, தாழ்ப்பாளையே பார்த்தபடி நின்றாள்.

“ஆத்தா…”

இரண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மூன்றாவது வரவில்லை. தெருவில் ஏதோ இழுபட்டுப் போகிற சத்தம் மட்டும் கேட்டது. நாயாக இருக்கும்.

காமயகவுண்டன்பட்டியில் பால் மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. வாந்திபேதி ஊருக்குள் நுழைந்துவிட்டால், பேதிப் பேய் வீடு வீடாகப் போய் வேண்டியவர்கள் குரலில் கூப்பிடும். ஏன் என்று கேட்டால் போதும், உள்ளே வந்து குடும்பத்தையே வாரிக்கொண்டு போய்விடும். ஆனால் இரண்டு தடவைதான் கூப்பிடும். மூன்றாவதுக்கு அதற்கு நாக்கு எழாது. மனிதர்கள் என்றால் மூன்று தடவை கூப்பிட வேண்டும்.

அதிலும் அவள் மகன் நான்கு தடவை கூப்பிடுகிறவன்.

மதுரையில் சேசு சபைச் சாமியார்கள் நடத்துகிற பள்ளிக்கூடத்தில், போர்டிங்கில் தங்கிப் படித்ததில் பிடித்த பைத்தியம் அது. ஒரு குடம் தண்ணீர் கேட்டால் இரண்டு குடம் கொண்டுவந்து வைப்பான். “கேட்டதச் செஞ்சா அது கடமை ஆத்தா. கேட்டதுக்கு மேல ஒண்ணு செஞ்சாத்தான் அன்புன்னு எங்க சாமியாரு சொல்லுவாக” என்பான். சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, இன்றைக்கு யாருக்கு என்ன செய்தோம் என்று தன்னையே கேட்டுக்கொள்வான்.

“ஏலே, மீன் கொழம்ப முன்னால வச்சுக்கிட்டு எவன்டா தவம் இருப்பான்? பூனை முந்திக்கப் போகுது” என்று அவள் கேலி செய்வாள்.

அவன் கோடை லீவுக்கு வந்த சமயத்தில்தான் நோயும் வந்தது. மருந்தெல்லாம் வெள்ளைக்காரன் சண்டைக்குப் போய்விட்டது என்றார்கள். ஆற்றங்கரையில் ஓலைக் கொட்டகை போட்டு, நோய் கண்டவர்களைக் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். பெற்ற பிள்ளைகளே எட்டிப் பார்க்காத அந்தக் கொட்டகைக்கு, கூடப் படிக்கிற கம்பத்து அமானுல்லாவையும் சேர்த்துக்கொண்டு சுருளியாண்டி கிளம்பினான்.

“தாசில்தாரு ஆவேன்னு பாத்தா, பேதி அள்ளப் போறேங்குற! இதுக்கா ஒன்னய மதுரைக்கு அனுப்புனேன்?”

“இது தாசில்தாருக்கும் மேல ஒண்ணு ஆத்தா” என்று சிரித்தான்.

அழுது பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். அவன் நிலைப்படியில் வேப்பிலையைச் செருகிவிட்டுத் திரும்பினான். இப்போது அவன் முகத்தில் சிரிப்பில்லை.

“ரெண்டு தடவ கூப்பிட்டா நீ தெறக்க மாட்டேல்ல?”

பேய் என்றாலே கிண்டல் பேசுகிறவன் இப்படிக் கேட்டது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. “எங் கொலசாமியே வந்தாலும் தெறக்க மாட்டேன்.”

“பாப்பா மேல சத்தியம் பண்ணு.”

பண்ணினாள்.

அந்தச் சத்தியத்தை இன்று காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. குழந்தையின் உச்சியை முகர்ந்தாள். பேயை ஏமாற்றிய கதையை மகன் வந்ததும் சொல்ல வேண்டும். விழுந்து விழுந்து சிரிப்பான்.

மறுநாள் வெயில் ஏறுகிற நேரம்.

“ஆத்தா! ஆத்தா! ஆத்தா!”

கதவைத் திறந்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம் அமானுல்லா நின்றிருந்தான். முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு அப்பியிருந்தது.

“வாய்யா. ஏன் அங்கனயே நின்னுட்ட? கேட்டியா சங்கதிய? நேத்து உச்சியில அந்தப் பேய் இங்கன வந்துச்சு! அச்சு அசல் நம்ம சுருளி கொரலு. நான் அசைவேனா? அவன்கிட்டப் போய்ச் சொல்லு, அவுக ஆத்தா கெட்டிக்காரின்னு.”

அமானுல்லா தோள் துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டான்.

“நேத்துக் காலையில அவனுக்கும் கண்டுருச்சு ஆத்தா. இன்னைக்கு விடியக்காலம்… போயிட்டான்.”

சந்தனம்மாள் நிலைப்படியிலேயே சரிந்தாள். உள்ளே குழந்தை சிணுங்கியது. அது அவள் காதில் விழவில்லை. யாரிடமோ நியாயம் கேட்பவள்போலப் பேசினாள்.

“ஊருக்கெல்லாம் ஒண்ணு கூடச் செஞ்ச பய, பெத்தவளுக்கு மட்டும் கொறைச்சுட்டானே. போறதுக்கு முன்னால ஒரு எட்டு வந்து, ஆத்தான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டுப் போகணும்னு தோணலையே அவனுக்கு.”

“வந்தான் ஆத்தா. நாந்தான் தோள்ல தாங்கிக் கூட்டியாந்தேன். மூணாவது தடவயும் கூப்பிடுடான்னு கெஞ்சுனேன். மாட்டேன்னு தலையாட்டிட்டான்.”

“ஏன்யா?”

“‘கூப்பிட்டா, ஆத்தா தெறந்துரும்டா’ன்னான்.”