இடுப்பு வரை ஜடை

“வாயைத் திறந்தே, தொலைச்சிடுவேன்” என்று அடுப்படியிலேயே தமயந்தியை எச்சரித்திருந்தாள் அம்மா.

டாக்குரியாவில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருந்த கதிரேசனின் தாய், தமயந்தியின் நீண்ட ஜடையை ஆசையாகப் பார்த்தாள். “என்னம்மா ஆராய்ச்சி பண்றே?”

“தோல்ல செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கப் புரதங்கள் இருக்கு ஆன்ட்டி. பேச்சு சரியா நடக்கலைன்னா முடி முளைக்காது.”

“அடி சக்கை! அப்ப இவனுக்கு மருந்து கொடேன். இந்த வழுக்கையோட மணவறையில உக்காந்தா கரியாஹாட் கடைத்தெருவே சிரிக்கும்!”

கதிரேசன் கூனிக் குறுகினான். தமயந்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“மருந்து இருந்தா முதல்ல நான் போட்டுக்க மாட்டேனா?” என்றவள், தலைமுடியை ஜடையோடு கழற்றி மடியில் வைத்தாள். மொட்டைத்தலை பளபளத்தது. “எனக்குப் பிறந்ததுலேர்ந்தே அந்தப் பேச்சு நடக்கலை.”

தமயந்தியின் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

கதிரேசன் முதல்முறையாக நிமிர்ந்தான். “அம்மா, எனக்கு மருந்து வேண்டாம். தேதி பாரு.”