அறுந்த பட்டன்கள்

முதலில் வாயை விட்டது நஹூம்தான்.

துபாய் சத்வாவில், சதக்கத்துல்லாவின் தையல் கடையில், நாலு பேர் பார்க்க, தனக்கு அங்கே தைத்த புதுக் கம்பளிக் கோட்டின் காலரைப் பிளேடால் கீறிக் காட்டினான்.

"உள்ளே விறைப்புக்கு வச்சிருக்கிற கான்வாஸ் துணி லினன். கம்பளியும் லினனும் சேர்த்து உடுத்துறது எங்க யூதருக்கு ஆகாது. அளவு கொடுக்கும்போதே சொன்னேனா இல்லையா, பாய்?"

"மேல் துணியைத்தான் சொல்றீங்கன்னு நினைச்சேன். இது உள்ளே கிடக்கிறது, யார் கண்ணுக்குத் தெரியப் போகுது?"

"படைச்சவனுக்குத் தெரியும். நீ ஏமாத்துக்காரன்."

கூலியை மேசையில் வைத்துவிட்டுக் கோட்டோடு போய்விட்டான். அந்த ஒரு சொல் மட்டும் சதக்கத்துல்லாவின் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. வந்து அதைத் திருப்பி வாங்கட்டும், அப்புறம் முகம் பார்க்கலாம் என்று இருந்தார்.

ரெடிமேட் சட்டைகள் தையல் கடைகளை விழுங்கிக்கொண்டிருந்த காலம். அந்த வருஷமே கடையை மூடிவிட்டுச் சொந்த ஊர் கீழக்கரைக்குப் பிளேன் ஏற வேண்டியவர். அதிசயமாக நஹூமின் ஆட்களே வர ஆரம்பித்தார்கள். வெள்ளி சாயங்காலம் அவர்களுடைய ஓய்வு நாள் தொடங்கும். அதற்கு முன்னால் வியாழன்தோறும் ஒரு சட்டைக்குப் பட்டன், ஒரு பாவாடைக்கு ஓரம்.

'பார்த்தியா நஹூம், உன் சனமே உன் பேச்சை நம்பலே.' அந்த நினைப்பிலேயே தேநீர் இனித்தது.

அன்றும் வியாழன். வெளியே மூடுபனியில் தெரு பாதி அழிந்து கிடந்தது. இஸ்திரிப் பெட்டியின் ஆவிக்குள் அவருக்குக் கண் சொக்கியது. ஹேங்கர் சட்டைகள் வரிசையில் நிற்கும் ஆட்களைப் போல லேசாக அசைந்தன. அதற்குள்ளிருந்து வந்தவள் மாதிரி சிம்ஹா நின்றாள். பம்பாய் யூதப் பெண், வாடிக்கைக்காரி.

"தூக்கமா, பாய்?"

"இல்லேம்மா. உங்க நஹூம் என்ன செய்யுறார்?" கேட்கக் கூடாது என்றிருந்தது வாயில் வந்துவிட்டது.

"எங்க சபையோட தர்ம நிதி அவர் பொறுப்புலதான் இருக்கு. வீடு வீடாப் போய் வசூல் பண்றார்."

"அந்த வாய்க்கு வசூல் நல்லாத்தான் ஆகும். கொடுக்கும்போதும் நாலு பேரைக் கூட்டி வச்சுத்தான் கொடுப்பாராக்கும்?"

அவள் சிரித்தாள். "வாங்குறவருக்கே, தான் வாங்குறோம்னு தெரியக் கூடாதும்பார். வேலையாக் கொடுக்கிறதுதான் உசந்த தர்மமாம்."

"தெரியாம எப்படிப் போகும்? வாங்குறவன் என்ன தூங்கிக்கிட்டா இருப்பான்?"

சிம்ஹா பையிலிருந்து ஒரு கோட்டை எடுத்து வைத்தாள். "வீட்டுக்காரரோடது. பட்டன் விழுந்துடுச்சு."

சதக்கத்துல்லா பட்டன் இருந்த இடத்தைத் தடவினார். எப்போதும் நூலைச் சுத்தமாக உருவிவிட்டுக் கொண்டு வருவார்கள். இன்று அவசரம் போலிருக்கிறது, முனை அப்படியே இருந்தது. தானாக அறுந்த நூல் பிசிறு விடும். இது கத்தரி வாய் பட்ட நூல்.

கோட்டைப் புரட்டினார். உடம்பு முழுக்க அவருடைய கைத் தையல். காலர் மட்டும் வேறு யாரோ தைத்தது. அதன் ஓரத்தில் நஹூமின் பிளேடு கீறிய தடம்.

ஹேங்கர் சட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி அவரைப் பார்ப்பது போலிருந்தது.

"தானா விழுந்துச்சாம்மா?"

"ஆமா பாய்." பொய் பழகாத முகம் சிவந்தது.

"நூல் மட்டம். அதான்."

பட்டனைத் தைத்தார். காசு வேண்டாம் என்ற பேச்சு நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் கொடுத்தவன் குட்டு உடைந்துவிடும். வாங்கிக் கல்லாவில் போட்டார்.

அவள் பனிக்குள் கரைந்த பிறகு, வெறும் வாசலைப் பார்த்து மெல்லச் சொன்னார்:

"எல்லாம் சரிதான் நஹூம். அந்தச் சொல் மட்டும் இன்னும் பாக்கி நிக்குது. வந்து திருப்பி வாங்கிக்கோ. வரும்போது கோட்டைப் போட்டுக்கிட்டு வா, வெளியே குளிருது."