உள்ளி ஏப்பம்

"இஞ்சேருங்க, இது களவெல்லோ!"

டோரின் போட்ட சத்தத்தில் அவள் கணவர் கிளெமென்ற் கையிலிருந்த போத்தல் விழப்பார்த்தது.

கொட்டாஞ்சேனையில் ஹாஷிமின் புடவைக்கடை. ஹாஷிம் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். கடையைப் பார்த்துக்கொள்ள வந்த சிநேகிதர் கிளெமென்ற் என்னடாவென்றால், ஹாஷிமின் மருந்துக் குளிசைகளைத் தன் போத்தலுக்கும் தன்னுடையதை அவர் போத்தலுக்கும் மாற்றிக்கொண்டிருந்தார்.

உள்ளிச் சத்து, அதாவது பூண்டுச் சத்து, பிரஷரைக் குறைக்குமா என்று டொக்டர் நிம்றா மூன்று மாதமாகச் சோதிக்கிறாள்; சிநேகிதர் இருவரும் அதில் சேர்ந்திருந்தார்கள். வழக்கமான மருந்தோடு இதையும் போட வேண்டும். பாதிப் பேருக்கு உள்ளி, மீதிப் பேருக்கு வெறும் கோதுமை மா. யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கிறது.

"ஹாஷிம் நானாவுக்கு நூற்றெழுபது. அவற்ற தம்பியும் பிரஷராலதானே போனவர்? அந்த மனுசன்ர குளிசையிலயா கை வைக்கிறீங்க?"

"சத்தம் போடாத. பிறகு சொல்றன்."

பிறகும் சொல்லவில்லை. டோரினை வெட்கம் பிடுங்கித் தின்றது.

கடைசி நாள். கிளினிக்கில் ஒரே ஆரவாரம். ஹாஷிமுக்கு நூற்று நாற்பது! கிளெமென்றுக்கும் நன்றாக இறங்கியிருந்தது! நிம்றா துள்ளாத குறையாக உறையைக் கிழித்தாள்.

"கிளெமென்ற் அங்கிளுக்கு உள்ளி. ஹாஷிம் அங்கிளுக்கு... மாவா?"

டோரினால் பொறுக்க முடியவில்லை. "இல்ல டொக்டர்! இவர் மாத்தினவர். என்ர கண்ணால கண்டனான்!"

கிளெமென்ற் தலையைக் குனிந்தார். "ஓம். எனக்கு உள்ளி ஏப்பம் வந்தது, இவனுக்கு வரேல்ல. உள்ளி எனக்கெண்டு விளங்கிட்டுது. அதான் என்ரயை இவன்ர போத்தலுக்குள்ள போட்டனான்."



"அட பாவி!" ஹாஷிம் துள்ளி எழுந்தார். "சனிக்கிழமையானா எனக்கு ஏப்பம் வாறது அதாலயா? ஒனக்கு ஏப்பத்தக் காணல்ல. சரி, ஒனக்குத்தான் மா எண்டு நெனச்சு, செவ்வாய்க்கிழமை நீ கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போன நேரம் நான் திருப்பி மாத்தின!"

"அதான் புதன்கிழமை எனக்குத் திரும்ப வந்ததா! அடுத்த வெள்ளி நான் மறுபடியும்..."

"எத்தனை தரம்?" நிம்றா கேட்டாள்.

இருவரும் எண்ணினார்கள். விரல்கள் போதவில்லை.

மூன்று மாத உழைப்பு. நிம்றா இரண்டு பெயரையும் சிவப்புப் பேனையால் வெட்டினாள். 'காரணம்' என்ற கட்டத்தில் எழுதினாள்:

"இருவரும் களவு செய்தார்கள். மற்றவருக்குக் கொடுப்பதற்காக."