முதலில் பாராட்டுங்கள்

“கடிகாரத்துல பேரு ஏதாவது எழுதணுமா சார்?” என்று கடைக்காரர் கேட்டார்.

“வேண்டாம்ப்பா. மணி பாக்கறப்பல்லாம் வேலை போனதுதான் அவனுக்கு ஞாபகம் வரும். பேரு வேற ஒரு கேடா?” என்றார் கடிகாரம் வாங்க வந்த கம்பெனி ஸ்டோர்காரர்.

கம்பெனியில் பில் போடுகிற தம்பியின் வீட்டுச் சுவர் அவருக்கு நன்றாகத் தெரியும். உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் ஓர் ஆணி சும்மாதான் இருந்தது.

தண்ணீர் பம்புக்கு உதிரி பாகம் செய்கிற அந்தக் கம்பெனியில் யாருக்குப் பிரிவு விழா என்றாலும் கேக், பரிசு, நாற்காலி எல்லாம் ஸ்டோர்காரர் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். போகிறவர் யார் என்று கேட்கிற வழக்கம் மட்டும் அங்கே கிடையாது. கேட்டால் அடுத்தது நம் பேராகிவிடுமோ என்று எல்லோருக்கும் ஒரு பயம்.

இந்த முறையும் டைப்பிஸ்ட் பெண்தான் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். வெள்ளிக்கிழமை, நாலு மணி, முப்பது பேர்.

“பரிசு என்னம்மா வாங்கட்டும்?”

“உங்களுக்கே பிடிச்சதா பாத்து வாங்கிடுங்கண்ணே.”

வந்தால் அரை மணி நேரம் அரட்டை அடிக்காமல் நகராத பெண், அன்று விடுவிடுவென்று போய்விட்டாள். பாவம், அவளுக்கும் மனசு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மூன்று வாரமாக ஸ்டோருக்குப் புதுச் சரக்கு வரவில்லை. அதனால் நாலு கடை ஏறி இறங்கி நல்ல கடிகாரமாகப் பார்க்க அவருக்கு நேரம் இருந்தது.

யாருக்கு விழா என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. போன மாதம்தான் தானாகவே பில் போடுகிற மெஷின் ஒன்று வந்து இறங்கியது. திங்கட்கிழமையிலிருந்து பில் தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. மதியம் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டான். கேட்டால், “பசிக்கலண்ணே” என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

ஸ்டோர்காரருக்கோ அதே திங்கட்கிழமை நல்ல நாளாக இருந்தது. மேனேஜர் அவரை அறைக்குக் கூப்பிட்டு, உட்கார வைத்து, பத்து நிமிஷம் புகழ்ந்து தள்ளினார்.

“உங்களை மாதிரி ஒருத்தர் கிடைக்க இந்தக் கம்பெனி குடுத்து வச்சிருக்கணும். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நட்டு காணோம்னு நீங்க வந்து நின்னதில்ல.”

அதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டது. மேனேஜர் ஒரு கையால் போனைப் பொத்திக்கொண்டு, எழுந்து நின்று, மறு கையால் அவர் கையைக் குலுக்கி அனுப்பினார். வீட்டுக்கு வந்த கையோடு மனைவியிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். மகளை அவள் கேட்ட கல்லூரியிலேயே சேர்ப்பது என்று அன்றைக்கே முடிவாயிற்று.

தனக்கு இத்தனை மரியாதை நடக்கிற இடத்தில் தம்பிக்கு இப்படியா என்று நினைக்க நினைக்க அவருக்கு ஆறவில்லை. எரிந்து விழுகிற மேனேஜர், பேச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்த பிறகு ஆளே மாறியிருந்தார். அறையில் ஒரு பலகைகூட மாட்டச் சொன்னார். ‘முதலில் பாராட்டுங்கள். பிறகு விஷயத்துக்கு வாருங்கள்.’ ஆணி அடித்து மாட்டியது ஸ்டோர்காரர்தான். என்ன பயிற்சி, என்ன பலகை! ஒருவன் வயிற்றில் அடிக்கப் போகிறோம் என்று அவனிடம் நேராகச் சொல்ல இத்தனை பெரிய மனுஷருக்கு வாய் வரவில்லையே.

ஆமாம், யாரும் சொல்லியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அதுவும் உறுதியாயிற்று. பில் புத்தகம் கேட்டுத் தம்பி ஸ்டோருக்குச் சீட்டு அனுப்பியிருந்தான். எப்போதும் ஒரு மாதத்துக்குத்தான் கேட்பான். இன்று ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கேட்டிருந்தான். வேலை போகிறது என்று தெரிந்தவன் இப்படிக் கேட்பானா?

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, கை கழுவுகிற இடத்தில் அவனைத் தனியாகப் பிடித்தார். உள்ளே நாற்காலிகள் போட்டாயிற்று. கேக்கும் மேஜைக்கு வந்துவிட்டது.

“தம்பி, முப்பது பேர் முன்னாடி திடீர்னு தெரிஞ்சா உனக்குத் தாங்காது. இங்க ஒருத்தனுக்கும் சொல்லத் தைரியமில்ல, நான் சொல்றேன். அந்த மெஷின் உன் வேலையைத் தின்னுடுச்சுப்பா. இன்னிக்கு விழா உனக்குத்தான்.”

அவன் குழாயை மூடாமல் அப்படியே நின்றான். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்டோர்காரர் எட்டிக் குழாயை மூடிவிட்டு, அவன் தோளில் கை வைத்தார்.

“கலங்காதடா. மேனேஜருக்கு என்மேல தனி மதிப்பு. திங்கக்கிழமைகூட எவ்வளவு பெருமையா பேசினாரு தெரியுமா? நான் இங்க இருக்கிற வரைக்கும் உன்னை அப்படியே விட்டுடுவேனா?”

“அதை மட்டும்தான் பேசினாரா?”

“ஆமா. அதுக்குள்ள போன் வந்துடுச்சு. ஏன்டா அழற?”

தம்பி அந்த வாரத்தில் முதன்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

“அண்ணே... ஸ்டோரை மூடறதைத் திங்கக்கிழமையே உங்ககிட்ட பக்குவமா சொல்லிட்டேன்னு எங்ககிட்ட சொன்னாரே!”